வன்னியிலிருந்து கம்பஸ் போகிறவர்களுக்கு: முதல் செமஸ்டரைக் கடக்க முழுமையான வழிகாட்டி

வீட்டில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போகிறவர், உயர்தரம் முடித்து இரண்டு மூன்று வருடம் வயலிலோ கடையிலோ நின்றுவிட்டுப் போகிறவர், அம்மா மட்டும் உழைக்கிற வீட்டிலிருந்து வருகிறவர், போரில் பட்ட செல் (எறிகணை) துண்டை உடம்பில் வைத்துக்கொண்டு படிக்கிறவர். இவர்களுக்காக எழுதுகிறேன். நானும் அந்த வரிசையில் வந்தவன்தான். படித்து முடித்த பிறகு சில வருடங்களாகக் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துப் புதுமுகங்களோடு உட்கார்ந்து வருகிறேன். அவர்கள் இடறும் இடங்கள் வருடாவருடம் ஒன்றாகத்தான் இருக்கின்றன. பாடம் விளங்காமல் விழுந்தவர்களை விட, விதி தெரியாமல் விழுந்தவர்களையே அதிகம் கண்டிருக்கிறேன். படித்த அண்ணாவோ அக்காவோ உள்ள வீட்டில் அந்த விதிகள் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடும். எங்கள் வீடுகளில் அதைச் சொல்ல ஆளில்லை.

கீழே உள்ள வரிசையை முடிந்தவரை மாற்றாதீர்கள். முதல் மூன்றும் விரிவுரை தொடங்கும் முன்பே செய்ய வேண்டியவை.

1. காகிதங்களை முதலில் சேருங்கள்

தெரிவுப் பட்டியலில் பெயர் வந்த பிறகு பதிவுக்குக் கிடைக்கும் நாட்கள் கொஞ்சம். அந்த நாட்களுக்குள் ஓடித் திரிந்தால் ஏதாவது ஒன்று தவறும். பெறுபேறு வந்தவுடனேயே தொடங்குங்கள்.

வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், பாடசாலை விடுகைப் பத்திரம், குடும்ப வருமானச் சான்றிதழ். கடைசியாகச் சொன்னதுதான் நேரம் எடுக்கும். கிராம அலுவலர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்க மாட்டார். அவர் எழுதியது பிரதேச செயலகத்திலும் கையெழுத்தாக வேண்டும். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் புதிய பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். தகப்பன் காணாமற்போனவர் என்றால் மரணச் சான்றிதழோ, 2016 இல் சட்டமான காணாமற்போனமைச் சான்றிதழோ, எது இருக்கிறதோ அதையும் சேர்த்து வையுங்கள். இரண்டும் இல்லாத வீடுகளும் உண்டு. அப்படியானால் நிலைமையைக் கிராம அலுவலரின் கடிதத்தில் தெளிவாக எழுதி வாங்குங்கள். 'தகப்பனின் வருமானம்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டால் விண்ணப்பம் அப்படியே தேங்கி நிற்கும்.

இன்னொன்று, பெயர் எழுத்துக்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் வேறு விதம், பெறுபேற்றில் மூன்றாவது விதம் என்று இருக்கும். எந்தப் பெயரில் பதிகிறீர்களோ அதுவே பட்டச் சான்றிதழிலும் வரும். நான்கு வருடம் கழித்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஒரு எழுத்துக்காக அலைவதை விட, இப்போது ஒரு நாள் செலவழித்துத் திருத்திவிடுவது லாபம்.

எல்லாவற்றையும் ஃபோனில் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு தடவை அனுப்பி வையுங்கள். பத்துப் பிரதியாவது கையில் இருக்கட்டும்.

2. முதல் நான்கு மாதத்துக்கான காசு

மகாபொல, பர்சரி என்ற இரண்டு உதவித்தொகைகளும் கிடைக்கும் என்று நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள் முதலாண்டிலேயே மாட்டுப்படுகிறார்கள். அவை கிடைக்கலாம். ஆனால் விண்ணப்பம், பரிசீலனை, பெயர்ப்பட்டியல், வங்கிக் கணக்கு என்று எல்லாம் முடிந்து முதல் தவணை வர மாதங்கள் ஆகும். அதுவரை வண்டி ஓட வேண்டும். அதனால் விண்ணப்பத்தைக் கேட்ட நாளிலேயே கொடுத்துவிட்டு, அந்தக் காசு வராது என்ற நினைப்பில் நான்கு மாதத்துக்குத் திட்டமிடுங்கள்.

விடுதி கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் பொதுவாக முன்னுரிமை உண்டு, ஆனால் விண்ணப்பித்தால்தான். கிடைக்காவிட்டால் போடிங்தான் (வெளியே வாடகை அறை), அதற்கு மாத வாடகையோடு முற்பணமும் கேட்பார்கள். கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்தில் படிக்கும் புதுக்குடியிருப்புப் பிள்ளை ஒருவர் வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று நினைப்பார். பஸ்ஸுக்குக் காத்திருப்பதையும் சேர்த்து ஒரு வழிக்கு ஒன்றரை மணித்தியாலம் என்று வைத்தால்கூட, கிழமைக்கு பதினைந்து மணித்தியாலம் வீதியில் போகிறது. நான்காம் பகுதியில் நேரக் கணக்கைப் பார்த்துவிட்டு இதை முடிவு செய்யுங்கள்.

இரண்டு பிழைகளை மட்டும் செய்யாதீர்கள். லப்டொப் வாங்குவதற்கென்று அம்மாவை நுண்கடன் எடுக்க விடாதீர்கள். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய காசு, படிக்கிற பிள்ளையின் தலையில் ஒரு கல் மாதிரி இருக்கும். முதல் செமஸ்டரைக் கம்பஸ் கணினி அறையை வைத்தே ஓட்டலாம்; என்ன வகை லப்டொப் தேவை என்பது அதற்குள் தெரிந்தும்விடும். மற்றது, சனி ஞாயிறில் டியூஷன் கொடுத்துச் சமாளிக்கலாம் என்ற எண்ணம். கொடுக்கலாம், இரண்டாம் செமஸ்டரிலிருந்து. உங்கள் சொந்தப் படிப்புக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று தெரியாமல் மற்றவர்களுக்கு நேரம் விற்காதீர்கள்.

3. மாணவர் கையேட்டை விரிவுரைக்கு முன் படியுங்கள்

பதியும்போது ஒரு புத்தகம் தருவார்கள், அல்லது பீடத்தின் இணையதளத்தில் இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைத் திறப்பதில்லை. நானும் திறக்கவில்லை, அதற்கு நான் கொடுத்த விலை எட்டாம் பகுதியில் வருகிறது.

முழுவதும் படிக்கத் தேவையில்லை. பென்சிலோடு இருந்து ஐந்து இடங்களைத் தேடி அடிக்கோடு இடுங்கள். பரீட்சை எழுதக் குறைந்தபட்ச வரவு எத்தனை வீதம் (பெரும்பாலும் 80). தொடர் மதிப்பீட்டுக்கு எத்தனை புள்ளி, இறுதிப் பரீட்சைக்கு எத்தனை, இரண்டிலும் தனித்தனியாகச் சித்தியடைய வேண்டுமா. நோய் வந்தால் மருத்துவச் சான்றிதழை எத்தனை நாளுக்குள், யாரிடம் கொடுக்க வேண்டும். ரிப்பீட் (அதே பரீட்சையை மறுபடி) எழுதினால் அதிகபட்சம் என்ன தரம் கிடைக்கும். எந்த ஜிபிஏ (எல்லாப் பாடத் தரங்களின் சராசரிப் புள்ளி) இருந்தால் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாகலாம்.

விரிவுரை தொடங்கும் முன் ஏன் என்றால், தொடங்கிய பிறகு நேரம் இருக்காது. பீடத்துக்குப் பீடம் விதி மாறும் என்பதால் வேறு பீடத்து நண்பன் சொல்வதை வைத்து நடக்கவும் கூடாது.

4. கிரெடிட்டை மணித்தியாலமாக மாற்றுங்கள்

பாடசாலையில் நேரசூசி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. இங்கே நேரசூசியில் இருப்பது வேலையின் ஒரு பகுதி மட்டும். இது புரியாமல், 'கிழமைக்குப் பதினைந்து மணித்தியாலம்தானே லெக்சர், மிச்சம் ஃப்ரீ' என்று இருந்தவர்கள் பத்தாவது கிழமையில் விழி பிதுங்கி நிற்பார்கள்.

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 150 மணித்தியாலம். அதில் விரிவுரை சுமார் 45. மிச்சம் 105 மணித்தியாலத்தை நீங்களாகப் படித்து, எழுதி, செய்து முடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பதினைந்து கிழமைக்குப் பிரித்தால் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் கிழமைக்கு ஏழு மணித்தியாலம். செமஸ்டருக்கு 15 கிரெடிட் எடுத்தால் விரிவுரையோடு சேர்த்துக் கிழமைக்கு 50 மணித்தியாலம். படிப்பு விடுமுறையையும் பரீட்சைக் கிழமைகளையும் சேர்த்துப் பரப்பினால் 40 ஐத் தாண்டி நிற்கும். முழுநேர வேலை ஒன்றின் அளவு இது.

இதை வீட்டுக்கும் சொல்லுங்கள். 'தம்பி இன்றைக்கு லெக்சர் இல்லைதானே, தோட்டத்துக்கு வா' என்று கூப்பிடுகிறவருக்கு உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை, கணக்குத் தெரியாது, அவ்வளவுதான். என் அம்மாவுக்கு நான் இந்த 50 ஐ விளங்கப்படுத்தியபோது, 'அப்ப நீ வேலைக்குத்தான் போறாய்' என்றார். அதற்குப் பிறகு வார நாட்களில் கூப்பிட்டதில்லை.

ஒவ்வொரு விரிவுரையையும் அதே இரவு இருபது நிமிடம் திருப்பிப் பாருங்கள். விளங்காத இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள், ஆறாம் பகுதிக்கு அது தேவைப்படும்.

5. மொழி: சொல்லைப் பிடியுங்கள், இலக்கணம் பிறகு வரட்டும்

உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு விஞ்ஞானம், பொறியியல், விவசாயம், வணிகம் என்று போகிறவர்கள் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். இங்கே பெரும்பாலானவர்கள் செய்யும் பிழை ஆங்கில வகுப்பு ஒன்றில் சேர்ந்து இலக்கணத்தை முதலிலிருந்து தொடங்குவது. தப்பில்லை, ஆனால் அது வேலை செய்ய ஒரு வருடம் ஆகும். பரீட்சை நான்கு மாதத்தில்.

வேகமான வழி உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தமிழறிவை ஆங்கிலச் சொல்லோடு இணைப்பது. தொகையீடு உங்களுக்குத் தெரியும். அதன் பெயர் இப்போது இன்டெக்ரேஷன். வகையீடு டிஃபரன்சியேஷன். ஒட்சியேற்றம் ஒக்சிடேஷன். ஒரு கொப்பியை எடுத்துப் பாடத்துக்குப் பாடம் இரண்டு நிரலாக எழுதுங்கள். நாளுக்குப் பத்துச் சொல் போதும். ஒரு கெட்டிக்காரத் தங்கச்சி இயந்திரவியல் வினா ஒன்றில் 'மொமன்ட்' என்பதை 'மொமென்டம்' என்று எடுத்து, திருப்பம் கேட்ட இடத்தில் உந்தத்தைக் கணித்து ஒரு பக்கம் எழுதியிருந்தார். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. புள்ளியும் இல்லை.

அடுத்தது வினாவின் ஏவற்சொற்கள். 'டிஃபைன்' என்றால் வரைவிலக்கணம், இரண்டு வரி. 'டிஸ்கிரைப்' என்றால் எப்படி இருக்கிறது என்று விவரிக்க வேண்டும். 'எக்ஸ்பிளெயின்' ஏன், எப்படி என்று கேட்கிறது. 'கம்பெயார்' என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒற்றுமை வேற்றுமை. தனித்தனியாக இரண்டு பந்தி எழுதினால் பாதிப் புள்ளிதான். 'டிஸ்கஸ்' என்றால் இரு பக்கமும், 'ஜஸ்டிஃபை' என்றால் உங்கள் முடிவுக்கான காரணம். தெரிந்த எல்லாவற்றையும் கொட்டுவது உயர்தரத்தில் பழகிய பழக்கம். இங்கே அதற்குப் பலன் குறைவு.

கலைப்பீடத்தில் தமிழில் படிக்கலாம் என்பதால் அங்கே போகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிட வேண்டாம். வாசிக்க வேண்டிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். நாளுக்கு ஒரு பக்கம், அகராதியோடு.

விளங்கிக்கொள்வதைத் தமிழில் செய்யுங்கள், எழுதுவதை ஆங்கிலத்தில் பழகுங்கள். நண்பர்களோடு தமிழில் வாதாடி முடித்தவுடன், அதே விடயத்தை ஐந்து ஆங்கில வசனத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதாமல் விட்டால் பரீட்சை மண்டபத்தில்தான் முதல் தடவை எழுதுவீர்கள்.

6. கேளுங்கள்: யாரிடம், எப்போது, எப்படி

இதில்தான் எங்கள் பிள்ளைகள் மிகவும் பின்னுக்கு நிற்கிறார்கள். கஷ்டத்தை வெளியே காட்டாமல் வளர்ந்தவர்கள் நாங்கள். அதோடு 'குறைந்த இசட் புள்ளியில் மாவட்டக் கோட்டாவில் வந்தவன்' என்ற கூச்சமும் சேர்ந்துவிடும். இசட் புள்ளி என்பது உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணித்து அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி. பெரும்பாலான பாடநெறிகளுக்கு அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அதாவது உங்களோடு இருக்கும் பெரும்பகுதியினர் ஏதோ ஒரு மாவட்டக் கணக்கில் வந்தவர்களே, கொழும்பு, கண்டிப் பிள்ளைகள் உட்பட. உள்ளே வந்த பிறகு இசட் புள்ளியை எந்த விரிவுரையாளரும் பார்ப்பதில்லை.

கேட்கும் வரிசை: முதலில் உங்கள் பட்ச் நண்பன், பிறகு குப்பி, பிறகு போதனாசிரியர், கடைசியாக விரிவுரையாளர். குப்பி என்பது சீனியரோ கெட்டிக்காரச் சக மாணவரோ பரீட்சைக்கு முன் எடுக்கும் வகுப்பு. நல்ல விடயம். ஆனால் குப்பியை மட்டும் நம்பி விரிவுரையை விடுகிறவர்கள் அதை எடுப்பவரின் பிழையையும் சேர்த்தே பாடமாக்குகிறார்கள். ஒரு வருடம் ஒரே தவறான சமன்பாட்டை இருபது விடைத்தாள்களில் கண்டேன்.

விரிவுரையாளரிடம் போகும்போது 'சேர், ஒன்றும் விளங்கவில்லை' என்று போகாதீர்கள். அதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது. இப்படிக் கேளுங்கள்: 'சேர், மூன்றாவது ஸ்லைட் வரை விளங்குது. இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது எண்டு பிடிபடேல்லை.' இரவு போட்டு வைத்த கேள்விக்குறிகள் இதற்குத்தான். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அவரும் அடுத்த முறை உங்களை முகம் தெரிந்து பேசுவார்.

சீனியர்கள் நோட்ஸ் தருவதற்கு விலையாகப் பகிடிவதையைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னால், அந்த நோட்ஸ் தேவையில்லை. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது குற்றம். சிரேஷ்ட மாணவர் ஆலோசகரின் இலக்கத்தை முதல் நாளே ஃபோனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உடல் இயலாமை உள்ளவர்கள் பரீட்சையில் மேலதிக நேரமோ கீழ்மாடி இருக்கையோ வேண்டுமென்றால் செமஸ்டரின் தொடக்கத்திலேயே மருத்துவ ஆவணத்தோடு எழுத்தில் கேட்க வேண்டும். பரீட்சைக் கிழமையில் கேட்டால், மனமிருந்தாலும் அவர்களால் ஒழுங்கு செய்ய முடியாமல் போகும்.

7. வரவும் வீட்டு அழைப்பும்

பதினைந்து கிழமைக்கு 80 வீத வரவு என்றால் உங்களுக்கு இருப்பது மூன்று கிழமை மட்டும். மூன்று கிரெடிட் பாடத்தில் ஒன்பது மணித்தியாலம். பெரிதாகத் தெரியும். எப்படிக் கரையும் என்று பாருங்கள்: பெரும்போக அருவி வெட்டுக்கு நான்கு நாள், அம்மம்மாவின் செத்தவீட்டுக்கும் எட்டுச் செலவுக்குமாக ஒரு கிழமை, முப்பத்தொன்றுக்கு இரண்டு நாள், டெங்குக் காய்ச்சலுக்கு ஒரு கிழமை. முடிந்தது.

இவற்றில் எதற்கும் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். செத்தவீட்டுக்குப் போகாமல் இருக்க எங்களால் முடியாது. ஆனால் பாடத்துக்குப் பாடம் ஒரு சிறு அட்டவணை வைத்து, தவறிய மணித்தியாலத்தை நீங்களே எழுதி வாருங்கள். பலர் கிழமையாகக் கணக்குப் பார்க்கிறார்கள். விரிவுரைகள் ஒரே நாளில் குவிந்திருக்கும் பாடத்தில், வெள்ளிக்கிழமைகளை மட்டும் விட்டே வரவைத் தொலைத்துவிடலாம். வெள்ளி மத்தியானமே ஊருக்குப் பஸ் ஏறுகிறவர்கள் கவனியுங்கள்.

அருவி வெட்டைப் பற்றி ஒன்று. இப்போது வெட்டுவது மெஷின்தான். ஆள் தேவைப்படுவது நெல்லைக் காயப்போடவும் விற்கவும். அதைச் சனி ஞாயிறுக்கு மாற்ற முடியுமா என்று அப்பாவிடமோ மாமாவிடமோ ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முடியும்.

செய்முறை வகுப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். விரிவுரையின் குறிப்பை நண்பனிடம் வாங்கலாம், ஆய்வுகூடத்தில் செய்ததை வாங்க முடியாது.

8. பரீட்சையும், விழுந்தால் எழும்புவதும்

பாஸ்ட் பேப்பரைக் கடைசிக் கிழமைக்கு வைக்காதீர்கள். நான்காவது கிழமையிலேயே ஐந்து வருடத் தாள்களை நூலகத்தில் எடுத்து வாசியுங்கள். விடை எழுத முடியாது, பரவாயில்லை. எந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு கேட்கிறார்கள் என்று தெரிந்தால் அடுத்த பதினொரு கிழமையும் எதைக் கூர்ந்து பார்த்துக் குறிப்பெடுப்பது என்று தெரியும். பத்தாவது கிழமைக்குப் பிறகு ஒரு தாளை நேரம் பார்த்து முழுதாக எழுதுங்கள். கை வலித்தால்தான் அது பயிற்சி.

சரி, இப்போது நான் கொடுத்த விலை. முதலாண்டில் ஒரு பரீட்சையன்று எனக்குக் கடும் காய்ச்சல். போகவில்லை. ஊர் வைத்தியரிடம் மருந்தெடுத்துவிட்டுப் படுத்திருந்தேன். பீடத்துக்கு யாரும் அறிவிக்கவில்லை. அறிவிக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் அதே தாளை நன்றாக எழுதினேன். கிடைத்தது சி. ஏனென்றால் அது ரிப்பீட்டாகக் கணக்கானது, பெரும்பாலான பீடங்களில் ரிப்பீட்டுக்கு சிதான் உச்சம். உரிய மருத்துவச் சான்றிதழை உரிய நாளுக்குள் கொடுத்திருந்தால் அது முதல் அமர்வாகவே கணக்காகி, எடுத்த தரம் அப்படியே வந்திருக்கும்.

ஆகவே பரீட்சை நாளில் நோய் வந்தால்: முதலில் பீட அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்து அறிவியுங்கள், அல்லது நண்பனை அனுப்புங்கள். அடுத்ததாகப் பல்கலைக்கழக மருத்துவரிடமோ அரச வைத்தியசாலைக்கோ போங்கள். தனியார் சிகிச்சை நிலையத் துண்டை ஏற்காமல் விடலாம். சான்றிதழைக் கையேட்டில் சொன்ன நாளுக்குள் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். அந்த ஒப்பம் இட்ட பிரதியைப் பெறுபேறு வரும் வரை வைத்திருங்கள்.

முதல் செமஸ்டர் மோசமாகப் போனவர்கள் உடனே கணக்குப் பார்க்க வேண்டும். 120 கிரெடிட் பட்டத்தில் முதல் 15 கிரெடிட்டில் ஜிபிஏ 2.00 வந்தது என்று வைப்போம். முடிவில் 3.00, அதாவது இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவு வேண்டுமென்றால் மீதி 105 கிரெடிட்டிலும் சராசரி 3.14 எடுக்க வேண்டும். பி தரத்துக்குச் சற்று மேல். மேல்பிரிவுக்கான 3.30 க்கு 3.49 தேவை, கஷ்டம், ஆனால் எட்டும். முதல் வகுப்பின் 3.70 க்கு 3.94, அது கிட்டத்தட்ட எல்லாப் பாடத்திலும் ஏ. இந்த மூன்று எண்ணையும் பார்த்தால், 'எல்லாம் போச்சு' என்று வீட்டுக்கு மூட்டை கட்டுவது எவ்வளவு அவசரமான முடிவு என்று தெரியும். சில பீடங்கள் முதலாண்டுக்குக் குறைந்த நிறை கொடுக்கும் அல்லது சேர்க்கவே மாட்டாது. அதையும் கையேட்டில் பாருங்கள்.

ரிப்பீட் பாடங்களைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்தால் அடுத்த வருடப் பரீட்சையோடு மோதும்.

9. வேலையோடும் பிள்ளையோடும் படிக்கிறவர்கள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்கள், திறந்த பல்கலைக்கழகம் என்று போகிறவர்களுக்கு மேலே சொன்னவற்றில் ஏழாம் பகுதி மட்டும் அவ்வளவாகப் பொருந்தாது. மற்ற எல்லாம் பொருந்தும், நேரக் கணக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். முழுநேரப் பாடச்சுமையை எடுக்காதீர்கள். திறந்த பல்கலைக்கழகத்தில் ஒரு வருடத்துக்கு எத்தனை பாடம் என்பதைப் பெருமளவுக்கு நீங்களே தீர்மானிக்கலாம். முதல் வருடம் குறைவாகத் தொடங்குங்கள், கட்டணமும் அதற்கேற்பக் குறையும்.

நான் கண்டவரையில் இவர்கள் கோட்டை விடுவது பரீட்சையில் அல்ல, ஒப்படையில்தான் (வீட்டில் செய்து திகதிக்குள் கொடுக்கும் அசைன்மென்ட்). திகதி தெரியாமல் போகும். பாடத்தொகுதி கையில் கிடைத்த அன்றே எல்லா ஒப்படைத் திகதிகளையும் வீட்டுக் கலண்டரில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை முன்னதாக இன்னொரு அடையாளம் போடுங்கள். சமையலறைக் கலண்டர் என்றால் இன்னும் நல்லது, பிள்ளைகளும் பார்த்துவிட்டு ஞாபகப்படுத்துவார்கள்.